நாற்பது டிகிரி

சூளை அணைந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் அதன் கதவோரம் இருந்த சின்னத் திரை நாற்பது டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழை மூட்டம். கொட்டகைக்குள் முப்பதுகூட இருக்காது.

அது யார் போட்ட எண் என்று சூளையின் மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கொளஞ்சிநாதனுக்குத் தெரியும். போன மாதம் சூளை ஆறிக்கொண்டிருந்த இரவில் வெப்பம் அளக்கும் கம்பி தீய்ந்துபோனது. திரை வெறுமையாகக் கிடந்தால் முதலாளியிடம் பேச்சு வாங்கவேண்டும். அதனால் நாற்பதையே அனுப்பும்படி கட்டுப்பாட்டுப் பெட்டியின் புரோகிராமில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டு, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினான். நாற்பது வந்தால் கதவைத் திறக்கலாம் என்பது அங்கே வழக்கம். காலை ஷிப்டுக்கு வந்த சாமிக்கண்ணு திறந்தார். உள்ளே இருந்த அனல் அவர் முகத்தில்தான் முதலில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"மீட்டரைப் பாக்காம தொறந்துட்டாருங்க" என்று விசாரணையில் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். அன்றே அந்த வரியை அழித்தான்.

அழித்த வரி எப்படித் திரும்பி வரும்?

திரைக்குப் போகும் இரண்டு ஒயர்களில் கொக்கி மாட்டி, ஓடும் சிக்னலைப் பழைய கம்ப்யூட்டரில் பிடித்தான். ஈரக் களிமண் வாடைக்கும் கூரையில் புறாக்கள் நகம் கீறும் சத்தத்துக்கும் நடுவே, ஒன்றும் பூஜ்யமுமாக வந்ததை எட்டெட்டாகப் பிரித்து நோட்டில் எழுத்தாக்கிக்கொண்டே போனான். நான்கு. பூஜ்யம். அதோடு நிற்கவில்லை. திரையில் இடமில்லாத எழுத்துகள் ஒயரில் ஓடிக்கொண்டிருந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ்.

பாத்துட்டுத்தான் தொறந்தேன்.

மறுபடி பிடித்தான். அதே வரி. பெட்டியின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பிடித்தான். அதே வரி. வெட்கத்தில் காது மடல் எரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்தான்.

"தம்பி, சாப்டீங்களா?"

துடைப்பத்தோடு கமலம். சாமிக்கண்ணுவின் மனைவி. இந்தக் கூட்டுகிற வேலையை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொடுத்தது அவன்தான். அதற்காக அவள் கும்பிடும் ஒவ்வொரு முறையும் அவனுக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

"நாளைக்குச் சூளை பத்தவெக்கிறாங்களாம். உள்ள கூட்டச் சொன்னாங்க."

"அப்புறம் பாக்கலாங்க்கா."

"அஞ்சு நிமிஷ வேலதானே." அவள் கதவருகே போய்த் திரையை அண்ணாந்து பார்த்தாள். "அவரு பாக்காம தொறந்த மாதிரி நானும் தொறப்பனா? நாப்பதுதான் காட்டுது. தொறக்கட்டுங்களா?"

கதவின் பச்சைப் பெயின்ட் கொப்புளித்தது. ஒன்று. இன்னொன்று. கதவிடுக்கில் தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு. அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எண் பொய் என்று சொன்னால் போதும். அப்படிச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். சட்டைப்பையிலிருந்த காகிதத்தைக் கையால் பொத்திக்கொண்டான்.

"சொல்லுங்க தம்பி."

சிவப்புக் கோடு கதவைச் சுற்றி முழுவதும் வந்துவிட்டது. புறாக்கள் ஒரேயடியாகப் பறந்தன.

அவன் பேசாமல் நின்றான். சரி என்கிறான் என்று நினைத்துக்கொண்டு, கமலம் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தாழ்ப்பாளைத் தூக்கினாள்.