கௌரி அனுப்பிய சுவெட்டர்

மழையில் கூரியர்காரன் பார்சலை வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தான். லின்ஃபீல்ட் வீடுகள் குளிர்காலத்தில் உள்ளேயும் ஈரமாகத்தான் இருக்கும். நோபேட் பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துக் கிழித்தான். பழுப்புநிறக் கம்பளிச் சுவெட்டர். முழங்கைகள் தேய்ந்திருந்தன.

தொலைபேசியில் மொழிபெயர்க்கும் நிறுவனம் ஒன்றில் அவன் புதிது. டொக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி சொல்வதை டொக்டருக்கு. தமிழ்க் குழுவில் ஆளுக்கொரு ஊர், அவரவர் வீடுதான் வேலைத்தலம். தலைவி கௌரி கோயம்புத்தூர்க்காரி, வெலிங்டனில் இருந்தாள். ஆளுக்கு ஒரு வாரம் அந்தச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வேலை செய்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவள் யோசனை.

"ஒருத்தர் சூடு இன்னொருத்தருக்குப் போகட்டும் நோபேட். சேர்ந்து பழகாதவங்கள நான் பெர்மனென்ட் பண்றதில்ல" என்று சிரித்தபடி சொல்லியிருந்தாள்.

சிரிப்பை எடுத்துவிட்டால் மீதி மிரட்டல்தான். பெர்மனென்ட் ஆகாவிட்டால் புக்கெகோஹித் தோட்டக் கொட்டகைக்குத் திரும்பி, விடியவிடிய வெங்காயம் தரம் பிரிக்க வேண்டும். அந்த வேலையை விட்ட பிறகுதான் அவன் மனிதனைப்போல் தூங்குகிறான்.

மனைவி விக்ரோறியா மூக்கைச் சுளித்தாள். "ஊராற்ற வேர்வையெல்லாம் எங்கட வீட்டுக்கோ? முதல்ல தோய்ச்சுப் போடுங்கோப்பா."

"தோய்க்கக் கூடாதாம்."

"உங்கட கூட்டத்துக்கு விசர்." பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நோபேட் தலையை நுழைத்தான். சிகரெட் வாடை. பால் குடிக்கும் குழந்தையின் வாடை. அவற்றுக்கு அடியில், நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை.

குளிரில் கிடந்த பார்சல். சுவெட்டரோ உடம்புச் சூட்டோடு இருந்தது.

வலது கையை விட்டான். இடது கையை விட்டான். பாதியில் எதுவோ தடுத்தது.

விரல்கள்.

அவை அவன் விரல்களைத் தேடின.

கழற்றி எறிந்துவிட்டு, போன வாரம் அதைப் போட்டிருந்த விதுஷனுக்கு அழைத்தான். கிறைஸ்ட்சேர்ச் பெடியன். எதற்கும் சிரித்துப் பகிடி விடுகிறவன்.

"தம்பி, இதுக்குள்ள..."

"கை தந்ததோ?" விதுஷன் பகிடி விடவில்லை. குரலைத் தாழ்த்தினான். "ஒண்டும் செய்யாது அண்ணை. பிடிக்க மட்டும் பிடிச்சிடாதேங்கோ."

"ஆற்றயடா இது?"

"முந்தி எங்களுக்கு ஒரு ஒஃபிஸ் இருந்தது. அதை மூடி எல்லாரையும் வீட்டை அனுப்பேக்க, ஒரு கதிரையில இது தொங்கிச்சுதாம். ஒருத்தரும் தங்கட எண்டு சொல்லேல்லை. கௌரியக்கா எடுத்து வச்சிட்டா."

"தெரிஞ்சுகொண்டு ஏன் போடுறியள்?"

"நீங்கள் ஏன் போடப்போறியளோ, அதுக்குத்தான்."

நோபேட் போட்டான். காலை வீடியோக் கூட்டத்தில் கௌரி "சூப்பரா இருக்கு!" என்றாள். இடது கையை அவன் முஷ்டியாகவே வைத்திருந்தான். அந்த விரல்கள் அவசரப்படவில்லை. முஷ்டியின் மேல் படிந்து கிடந்தன.

காத்திருந்தன.

வியாழன் மதியம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. இயந்திரத்தை நிறுத்தப் போகிறோம், உங்கள் கணவர் இனிக் கண் திறக்க மாட்டார் என்றார் டொக்டர். நோபேட் அதைத் தமிழில் சொன்னான்.

"பொய் சொல்லுறீங்க" என்றாள் நோயாளியின் மனைவி. டொக்டரிடம் அல்ல, அவனிடம். "உங்க வாயால அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி."

விதிப்படி அதையும் ஆங்கிலத்தில் சொன்னான். அழைப்பு முடிந்தது.

வீட்டில் எவரும் இல்லை. திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லப் பக்கத்து மேசை இல்லை. தகரக் கூரையில் மழை.

முஷ்டி தானாகத் திறந்தது.

பிடித்தான்.

அதுவும் பிடித்தது. எலும்பு நோகுமளவுக்குப் பிடித்தது. நோபேட் வெட்கமில்லாமல் அழுதான்.

அழுது முடித்தபோது கைக்குள் எதுவும் இல்லை. சுவெட்டர் சில்லிட்டிருந்தது. அன்றைக்கே அதைப் பெட்டியில் திணித்து, அடுத்த முறைக்காரியான கிருசாந்திக்கு அனுப்பிவிட்டான்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் கிருசாந்தி அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். போன சுற்றில் முகம் வெளிறிப்போய் இருந்தவள், இப்போது இரண்டு கைகளையும் திரைக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

"வெறும் சுவெட்டர்! இந்தமுறை வெறும் சுவெட்டர்தான்!"

விதுஷன் சிரிக்கவில்லை. "அண்ணை" என்றான் மெதுவாக. "பிடிச்சிட்டியளோ?"

நோபேட் பதில் சொல்லுமுன் கௌரி குறுக்கிட்டாள். "ஒரு நல்ல செய்தி. நோபேட் இன்னியிலிருந்து பெர்மனென்ட். நம்ம டீம்ல இனி யாரும் தனியா இல்ல. எல்லாரும் கைதட்டுங்க!"

தட்டினார்கள். நோபேட்டும் சிரித்துவைத்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் திரையிலிருந்து போனார்கள். அவன் மடிக்கணினியை மூடினான்.

முதுகுக்குப் பின்னால் கைதட்டல் இன்னும் நிற்கவில்லை.