மூடி உடைக்காத போத்தல்

அருள்மலர் கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த தண்ணீர்ப் போத்தல் பாதியாகியிருந்தது. மூடி உடைக்கப்படவில்லை. பை நனையவில்லை. காலையில் வழிக்கடையில் வாங்கும்போது போத்தலின் கழுத்துவரை தண்ணீர் நின்றதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். வெயிலில் கண் கூசுகிறதாக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அதைத் துவாய்க்கு அடியில் திரும்பச் செருகினாள்.

கணவன் அன்புராஜாவுக்கு அது தெரியக்கூடாது. இன்றோடு மூன்று நாளாக ஒரு சொட்டுத் தண்ணீரும் தொடாத உபவாசத்தில் இருந்தார் அவர். மகன் நோவா மோட்டார் சைக்கிளோடு விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து நாற்பது நாளாகிவிட்டது. டாக்டர்மார் மிகுந்த மரியாதையோடு கையை விரித்துவிட்டார்கள். வைலே நகரில் வாடகை மண்டபத்தில் கூடும் அவர்களுடைய சபையும் ஜெபித்துக் களைத்துப்போயிற்று. உபவாசத்தின் கடைசி நாளை வனாந்தரத்தில் கழிப்பேன் என்று அன்புராஜா பொருத்தனை பண்ணினார். டென்மார்க்கில் வனாந்தரத்துக்கு எங்கே போவது? கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் இருபது வருடம் இயந்திரத்தோடு மாரடித்த மனுஷன் அதையும் தேடிப் பிடித்துவிட்டார். நாட்டின் வடமுனையில், காற்றோடு வருடாவருடம் நகர்ந்து, குறுக்கே நிற்கும் மரங்களை விழுங்கிக்கொண்டு போகும் றோபியா மீலே என்ற பெரிய மணல்மேடு. மற்ற நாட்களில் பிள்ளைகள் ஐஸ்கிறீம் வடிய வடிய ஏறி விளையாடும் இடம்தான். கடலிலிருந்து பனிமூட்டம் வந்து மூடப்போகிறதென்று வானிலையில் சொல்லிவிட்டதால் மத்தியானத்தோடு சனம் கலைந்துவிட்டது.

அருள்மலர் வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள். தண்ணீர் இல்லாத உடம்பு என்ன ஆகுமென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரை விட்டு இறங்கும்போது கையைப் பிடிக்கிற சாட்டில் அவருடைய புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. பிள்ளை கடவுளின் கையில் இருக்கிறான், இந்த மனுஷனையாவது உயிரோடு காருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காலில் விழுந்தாவது ஒரு மிடறு குடிக்க வைக்க வேண்டும். அவளுக்கு வேறு எண்ணமே இல்லை.

மேடுகளுக்கு நடுவே, மழைக்காலத்தில் குளமாக நிற்கும் பள்ளம் இப்போது வெடித்துக் காய்ந்து கிடந்தது. அங்கேதான் இருவரும் எதிரெதிரே முழங்காலில் நின்றார்கள். அவர்கள் சபையில் ஒருவர் ஜெபிக்க மற்றவர்கள் வரிக்கு வரி ஆமென் சொல்வார்கள். ஜெபம் முடியும்வரை யாரும் கண் திறப்பதில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம். மனம் அடுத்த வாரத்து வேலை நேரங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும் வாய் அதுபாட்டில் ஆமென் சொல்லிக்கொண்டிருக்கும். இப்போதும் அவள் மனம் போத்தலில் இருந்தது. வாய் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது.

பனிமூட்டம் வந்ததை இமைகளில் குளிர் பட்டபோதுதான் அறிந்தாள். உப்பும் அழுகிய கடற்பாசியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது, தூரத்துக் கடலின் இரைச்சல் யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றது, வானம்பாடிகள் வாயடைத்துப்போயின, மணல் மட்டும் எங்கோ சரசரவென்று மெல்ல வழுகிக்கொண்டிருந்தது. அன்புராஜாவின் குரல் வறண்டு, உடைந்து, சொல்லுக்குச் சொல் தொண்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு அது தெளிந்தது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரின் குரலாயிற்று. ஆண்டவர் பெலன் தருகிறார் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எனக்குள்ளை இருக்கிற ஈரமெல்லாத்தையும் எடுத்துக்கொள்ளும். அதை என்ரை பிள்ளைக்குக் கொடும்."

"ஆமென்," என்றாள்.

சொன்ன பிறகுதான் கேட்டது என்னவென்று உறைத்தது. கண்ணைத் திறந்தாள்.

வெள்ளை. நீட்டிய கையின் விரல்கள் தெரியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரைக் காணவில்லை.

"இஞ்சேருங்கோ," என்று கூப்பிட்டாள். ஜெபம் மட்டும் தொடர்ந்தது. குரல் வந்த பக்கம் தவழ்ந்தாள். தடவிய மணலில் அவர் எழுந்து போன காலடி ஒன்றும் இல்லை. குரல் வலப்பக்கம் கேட்டது. பிறகு பின்னால். பிறகு அவள் உள்ளங்கைகளுக்குக் கீழே.

கை எதிலோ பட்டது. சட்டை. தோள்.

முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அன்புராஜா முழங்காலிட்டபடியே இருந்தார். இடுப்புவரை மணல். கண்கள் மூடியிருந்தன. கன்னத்தைத் தொட்டாள். காய்ந்த கருவாட்டைத் தொட்டதுபோல் இருந்தது. அவசரமாகப் போத்தலை எடுத்துக்கொண்டு அவர் முகத்தை நிமிர்த்தினாள்.

வாய் திறந்திருந்தது. பல்லின் விளிம்புவரை மணல்.

ஜெபம் நிற்கவில்லை.

போன் அடித்தது. மகள் தபிதா ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்திருந்தாள். அழுகையும் சிரிப்புமாக டேனிஷில் கொட்டினாள். நோவா கண் திறந்துவிட்டான், தண்ணீர் கேட்டான், தாதி ஒரு கிளாஸ் கொடுத்தாள், பிறகு கூஜாவையே பிடுங்கிக்கொண்டான், இப்போது இரண்டாவது கூஜா. அவளுக்குப் பின்னால் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

ஒரு மிடறு. அருள்மலரின் கையிலிருந்த போத்தலில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியது.

இன்னொரு மிடறு. இன்னொரு விரல்.

போத்தல் காலி. மூடி உடையவில்லை.

தபிதாவின் சிரிப்பு நின்றது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு தமிழில் பேசினாள்.

"அம்மா, அவனுக்கு இது காணாதாம், இன்னும் வேணுமாம். வாயெல்லாம் வெடிக்குது. என்ன செய்யிறது?"

அவளைத் தள்ளிக்கொண்டு, நாற்பது நாளாக அருள்மலர் கேட்கக் கிடந்து தவித்த குரல் வந்தது.

"அம்மா. தண்ணி."

மணலுக்கு அடியிலிருந்த குரல் அதையும் கேட்டிருக்க வேண்டும். அன்புராஜாவின் குரலில், அதே நிதானத்தில், புதிதாக ஒரு வரியைத் தொடங்கியது.

"அருள்மலருக்குள்ளை இருக்கிற ஈரமெல்லாத்தையும் எடுத்துக்கொள்ளும். அதை அவளின்ரை பிள்ளைக்குக் கொடும்."

பிறகு நின்றது. சபையில் ஆமெனுக்காக நிற்பதுபோலவே. காத்திருந்தது.

அவள் எழுந்தாள். ஓடலாம். கால்கள் இருந்தன. கார் இருந்தது. போனுக்குள் நோவா காற்றை விழுங்கினான். வெறும் காற்றை.

மறுபடி முழங்காலில் நின்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மணலில் வைத்தாள். கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை என்ன கேட்கப்பட்டதென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கண்களை மூடினாள்.

"ஆமென்."

போனுக்குள் பிள்ளை மடமடவென்று குடிக்கத் தொடங்கினான். அவள் வாயில் எச்சில் ஊறும் இடத்தில் மணல் ஊறியது.