அரைத் துண்டு அழுக்கு

பட்டாசு செய்தது நல்ல காரியம்தான். அதுதான் கொடுமை. குறும்பு ஏதாவது செய்திருந்தால், நாலு திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

பட்டாசு ஐந்தாம் வகுப்புப் பெண். படபடவென்று பேசுவதால் அந்தப் பெயர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சலவைக் கடை வைத்திருக்கிறார்கள். அழுக்கு என்றாலே அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. வீட்டில் கதவுக் கைப்பிடிகூட பளபளவென்று இருக்கும்.

அந்த வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஓர் ஆக்ஸலோட்டல் இருந்தது. மீன் மாதிரி தண்ணீரிலேயே வாழும். ஆனால் மீன் இல்லை, தவளைக்குத் தூரத்துச் சொந்தம். நாலு குட்டிக் கால்கள். தலைக்கு இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பு இறகுகள் போலச் செவுள்கள். வாய் எப்போதும் சிரித்தபடியே இருக்கும். அண்ணன் அதற்கு இளிச்சவாயன் என்று பெயர் வைத்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாசு தொட்டியைக் கழுவினாள். தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்சு பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. "சீ, கருமம்!" என்று கடையிலிருந்து பிரஷ்ஷைக் கொண்டுவந்து, வெந்நீர் ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தாள். ஸ்பாஞ்சு புத்தம் புதிதாகிவிட்டது. தண்ணீரையும் முழுதாக மாற்றினாள்.

"என் ராஜாத்தி!" என்று அம்மா நெட்டி முறித்தாள்.

புதன்கிழமை இளிச்சவாயன் இரையாகப் போட்ட புழுவைத் தொடவில்லை. வியாழக்கிழமை வால் நுனி சுருண்டுகொண்டது. செவுள் இறகுகள் வாடிச் சுருங்கின. வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்றால் மூஞ்சியைத் தொங்கப் போடவாவது தெரிய வேண்டாமா? பாவம், அதற்கு அதுவும் தெரியாது.

பட்டாசு தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு மீன்தொட்டிக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் அதில் இரண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் பச்சையாக மாறியது.

"மஞ்சளா இருந்தா நல்ல தண்ணி. பச்சைன்னா விஷம். ஸ்பாஞ்சை என்ன பண்ணினே?"

"வெள்ளை வெளேர்னு தேய்ச்சுக் கழுவினேன்."

கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! அந்த அழுக்குலதாம்மா நல்ல கிருமிங்க குடியிருக்கும். உன் செல்லத்தோட கழிவு விஷமா மாறிச்சுன்னா, அதுங்கதான் தின்னு தீர்க்கும். மொத்தக் குடும்பத்தையும் வெந்நீர் ஊத்திக் கொன்னுட்டியே!"

"மறுபடி வராதா?"

"வரும். ஒரு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் தினமும் பாதித் தண்ணியை மாத்து."

"இளிச்சவாயன் ஒரு மாசம் தாங்குமா?"

கடைக்காரர் சோதனை மருந்துப் பெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து பட்டாசு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தை மறக்காமல் விட்டாள். ஆனால் சாயங்காலம் பார்த்தால் சோதனைக் குழாயில் பழையபடி பச்சை. இளிச்சவாயன் ஒரு மூலையில் கிடந்தது. தட்டில் சோறு ஆறிப்போனது.

"என்ன, பட்டாசு நமத்துப்போச்சா?" என்று அண்ணன் சீண்டிப் பார்த்தான். வேறு நாளாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். இன்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் வாளியை வாங்கிக்கொண்டான்.

"தெரியாம பண்ணினதுதானேம்மா," என்றார் அப்பா.

"தெரியாம பண்ணினா அதுக்கு வலிக்காதாப்பா?"

அப்பா அவள் தலையைத் தடவினார்.

திங்கட்கிழமை இளிச்சவாயன் கால்களை அசைக்கக்கூட இல்லை. பட்டாசு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுது ஓய்ந்தபோது ஒரு யோசனை வந்தது. நம் தொட்டி அழுக்கு போய்விட்டது, சரி. வேறு யார் தொட்டியிலாவது அழுக்கு இருக்காதா?

கடைக்காரரிடம் ஓடினாள். "நல்ல யோசனைதான். ஆனா என் மீனுக்கெல்லாம் சீக்கு. என் ஸ்பாஞ்சைக் குடுத்தா அதுவும் சேர்ந்து வந்துடும். சீக்கில்லாத தொட்டியாப் பாரு," என்றார் அவர்.

பட்டாசு நேராகப் பல் மருத்துவர் வீட்டுப் பக்கம் திரும்பினாள். பல் பிடுங்கிய நாளிலிருந்து அந்தத் தெருவிலேயே அவள் கால் வைத்ததில்லை. அங்கே, நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஒரு மீன்தொட்டி இருந்தது. பாசி பிடித்த தொட்டி.

"எந்தப் பல்லும்மா?" என்றார் வரவேற்பு மேசையில் இருந்த அக்கா.

"பல் இல்லக்கா. உங்க அழுக்கு வேணும்."

"என்னது?"

பட்டாசு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் உடைந்து அழுதுவிட்டாள். காத்திருந்தவர்கள் கன்னத்தில் வைத்த கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"இந்த மீனுக்குச் சீக்கு வந்துச்சாக்கா? மருந்து போட்டீங்களா?"

"நாலு வருஷமா ஒண்ணும் வந்ததில்ல. டாக்டர் தொட்டியைக் கழுவச் சொல்லித் தினமும் திட்டுவார். நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே வந்தேன்," என்று அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் சோம்பேறித்தனமும் ஒருத்தருக்கு உதவுதே!"

கத்தரியால் ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டினார். கிருமிகள் காய்ந்துவிடக் கூடாதே! அந்தத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பட்டாசு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

கொழகொழத்த அந்த அரைத் துண்டை அவள் வடிகட்டியில் வைத்தபோது, அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லா உள்ள தள்ளு," என்றாள்.

செவ்வாய் பச்சை. புதன் பச்சை. இளிச்சவாயன் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பட்டாசு தண்ணீர் மாற்றுவதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் வாளியைத் தூக்கினாள்.

வெள்ளிக்கிழமை சோதனைக் குழாய் இளம்பச்சையானது. சனிக்கிழமை மஞ்சள்.

அவள் ஒரு சின்னப் புழுவை எடுத்து, தண்ணீருக்குள் கையை விட்டு, அதன் வாயருகே பிடித்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கை மரத்துப்போனது. திடீரென்று லபக்! புழுவோடு சேர்த்து அவள் விரல் நுனியையும் இளிச்சவாயன் கவ்விக்கொண்டது.

"ஐயோ, விரலை எடுடி!" என்று அண்ணன் கத்தினான்.

"இருக்கட்டும்," என்றாள் பட்டாசு.