வடக்குச் சுவருக்குப் பனி அணைத்தவன்

மைனஸ் நாற்பது என்று வானொலியில் சொன்னார்கள். குளிர் அந்த எண்ணுக்கு வந்துவிட்டால் ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்ற பேச்சே கிடையாது, இரண்டும் ஒன்றுதான். மினசோட்டாவின் வடகோடியில் அன்று பள்ளிக்கூடம் இல்லை, தபால் இல்லை, லூத்தரன் தேவாலயத்தில் மதிய ஜெபம்கூட இல்லை. ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. குளிர் ஏற ஏற மீனுக்குப் பசி ஏறும் என்று தாங்களே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

லோவெல் அன்று மீனுக்காகக் கிளம்பவில்லை. தங்கை மார்லிஸ் கேட்டதால் கிளம்பினான். அவள் புருஷன் ஹால்வர் செத்து அன்றோடு ஒரு வருஷம்.

"அவன் கடைசியா இருந்த எடத்துல ஒரு பொழுது உக்காந்துட்டு வரணும்ணே. கூட்டிட்டுப் போறியா, இல்ல நானே வண்டிய எடுக்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். அவள் வண்டி ஓட்டும் லட்சணம் ஊருக்கே தெரியும். அவனால் மறுக்க முடியவில்லை. ஒரு வருஷமாகக் களஞ்சியத்துக்குப் பின்னால் கிடந்த ஹால்வரின் மீன்வீட்டை முந்தின நாளே டிராக்டரில் கட்டி இழுத்து, உறைந்த ஏரியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான்.

மீன்வீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சறுக்குக் கட்டைகள் மேல் நிற்கும் ஒரு மர அறை. ஒரு கட்டில், ஒரு பெஞ்சு, பனிக்கட்டியில் தூண்டில் இறக்கத் தரையில் இரண்டு ஓட்டை, சுவரில் ஒரு கேஸ் ஹீட்டர். சிலிண்டர் வெளியே நிற்கும். வடக்குச் சுவரில், தரையை ஒட்டிக் கையகலத்துக்கு ஒரு வட்டத் துளை. ஹீட்டர் எரியக் காற்று அது வழியாகத்தான் வர வேண்டும். அந்தத் துளையை ஹால்வர் தன் கையால் அறுத்துச் செய்திருந்தான்.

லோவெல் வெதுவெதுப்பான கராஜில் வைத்திருந்த சிலிண்டரைப் பழைய ரஜாய்ப் போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தான். இந்தக் குளிரில் வெளியே கிடந்த சிலிண்டரில் புரோப்பேன் வாயுவாக எழும்பாது, உள்ளே தண்ணீர் மாதிரித் தளும்பிக்கொண்டு கிடக்கும். குழாயை மாட்டி, திருகைத் திறந்து, ஹீட்டரைப் பற்றவைத்தான். நீல நிறத்தில் ஒழுங்காக எரிந்தது. புதிதாக வாங்கிய விஷவாயு அலாரத்தைச் சுவரில் ஒட்டினான். பச்சை விளக்கு மினுங்கியது.

மார்லிஸ் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைத் தரையில் தட்டிக்கொண்டாள்.

"ஏண்ணே, சுத்திப் பனி அணைக்கலையா? கீழேருந்து காத்து காலை அறுக்குது."

ஏரியில் வீட்டை நிறுத்தினால் முதல் வேலை அதுதான். பனியை வாரி நாலு சுவருக்கும் அடியில் கரை மாதிரி அணைத்து, பனிவாரியின் முதுகால் தட்டி இறுக்க வேண்டும். அப்போதுதான் அடியில் காற்று புகாது. அதைச் செய்யாதவனைச் சோம்பேறி என்று ஏரி முழுக்கச் சிரிப்பார்கள்.

"வேணாம்" என்றான் லோவெல்.

"அடடா. ஏரியிலேயே பெரிய உழைப்பாளிக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?"

"பனிவாரி கொண்டு வரல மார்லிஸ். விடு."

அவள் சிரித்தாள். பிறகு ஃபிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றி அவனிடம் நீட்டினாள். இருவரும் தரையின் ஓட்டையில் தூண்டிலை இறக்கினார்கள். தண்ணீர் பச்சையாக உள்ளிருந்து ஒளிர்ந்தது. ஏரி எங்கோ தொலைவில் விரிசல் விட்டு முனகியது. அது எப்போதும் முனகுவதுதான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

இந்தக் கேள்வி வரும் என்று லோவெலுக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும்.

"அன்னிக்கு நீதான் மொதல்ல உள்ள போன. அந்தத் தொளைக்குள்ள அவனோட கம்பளிக் காலுறை அடைச்சிருந்துச்சுன்னு ஷெரிஃப் ஆளுங்க சொன்னாங்க. குளிருக்காக அடைச்சிருப்பான், கவனக்குறைவுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க." அவள் குரல் கரகரத்தது. "ஹால்வராண்ணே அடைப்பான்? அடுத்தவன் வீட்டுக்குள்ள புகுந்து தொளையில துணி இருந்தா உருவி வீசுவான். எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்கான்!"

லோவெல் தூண்டில் கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

"அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. 'ஏரியிலயே கெடந்து சாவு'ன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன். அதனாலதான் அவனே தெரிஞ்சு அடைச்சுட்டுப் படுத்தானா? உண்மையச் சொல்லுண்ணே. நான் தாங்கிக்குவேன்."

உண்மை வேறு. ஹால்வர் செத்த அந்த இரவு லோவெலும் ஏரியில்தான் இருந்தான். பிராந்தி கொஞ்சம் தூக்கலாகப் போயிருந்தது. காற்று பேயாக அடித்தது. ஹால்வர் பனி அணைக்காமலே தூங்கிவிட்டதைப் பார்த்து, பாவம், நடுங்கிக்கொண்டு கிடப்பானே என்று இவனே பனிவாரியை எடுத்துக்கொண்டு போய் நாலு சுவருக்கும் அணைத்தான். பாசத்தில் செய்ததுதான். ஆனால் இருட்டில், போதையில், வடக்குச் சுவரின் துளையையும் சேர்த்து மூடிவிட்டான்.

விடிந்து போய்ப் பார்த்தபோது ஹால்வர் கட்டிலில் தூங்குவது போலவே கிடந்தான். முகம் மட்டும், விஷவாயு ஏறியவனுக்கு இருப்பது போல, நல்ல சிவப்பாக இருந்தது. லோவெல் முதலில் அழுதான். அப்புறம் வெளியே ஓடித் துளையை மூடியிருந்த பனியை உதைத்துத் தள்ளினான். அப்புறம், அதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது, ஹீட்டருக்கு மேல் காய்ந்துகொண்டிருந்த ஹால்வரின் காலுறையை எடுத்து, உள்ளேயிருந்து அந்தத் துளையில் திணித்தான். அதற்குப் பிறகுதான் போன் செய்தான்.

"எனக்குத் தெரியாது மார்லிஸ்" என்று மென்று முழுங்கினான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த முதுகைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்... தொப்.

சர்ர்ர்... தொப்.

யாரோ வெளியே பனியை வாரிப் போடுகிறார்கள்.

"பக்கத்து வீட்டு ஆளு யாராவது வந்திருக்காங்களா?" என்றாள் மார்லிஸ்.

பக்கத்து மீன்வீடு அரை மைலுக்கு அப்பால் ஒரு புள்ளியாக நின்றது. லோவெல் எழுந்து கதவைத் திறந்தான். குளிர் மூக்குத் துளைக்குள் ஊசியாக ஏறியது. மதியம் மூன்று மணி. காற்றில் மிதக்கும் பனித்தூளில் ஒளி பட்டு, சூரியனுக்கு இருபுறமும் இரண்டு பொய்ச் சூரியன்கள் மங்கலாக நின்றன. எல்லாத் திசையிலும் வெள்ளை. ஆள் இல்லை, அவர்கள் வந்த வண்டியைத் தவிர வேறு வண்டி இல்லை. பனியில் அவர்கள் இருவரின் கால்தடம் தவிர வேறு கால்தடம் இல்லை.

வடக்குச் சுவரைச் சுற்றி வந்தான்.

சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பனி அணைத்திருந்தது. நேர்த்தியான கரை. மேலே பனிவாரியின் முதுகால் தட்டிய தடங்கள் வரிசையாக. ஒவ்வொரு தடத்திலும் வலது மூலையில் ஒரு சின்னக் கோடு, மூலை உடைந்த பனிவாரி விடும் கோடு.

அவனுடைய பனிவாரிக்கு வலது மூலை உடைந்திருக்கும். அது இருபது மைல் தள்ளி, அவன் கொட்டகையில், பூட்டுப் போட்டுக் கிடக்கிறது.

வெறி பிடித்தவன் மாதிரி அந்தப் பனியைக் காலால் உதைத்துச் சிதறடித்தான். துளை திறந்தே இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"யாருண்ணே?"

"காத்து."

"காத்து பனிவாரியப் புடிக்கப் பழகிடுச்சா?"

"கெளம்பலாம் மார்லிஸ். தூண்டிலச் சுத்து."

"இப்பத்தானே வந்தோம்!"

சர்ர்ர்... தொப்.

இந்த முறை மேற்குச் சுவர். பிறகு தெற்கு. வேகமாக, களைப்பே இல்லாமல். இடையிடையே முதுகால் தட்டும் சத்தம், தட், தட், தட். சுவர்ப்பலகை ஒவ்வொரு தட்டுக்கும் மெல்ல அதிர்ந்தது. மார்லிஸ் எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

பிறகு வடக்கு.

துளை வழியாகத் தரையில் விழுந்திருந்த வெளிச்ச வட்டம் பாதியானது.

பிறையானது.

அணைந்தது.

லோவெல் பனிக்கட்டி குத்தும் கடப்பாரையை எடுத்துத் துளைக்குள் குத்தினான். பனி உடைந்து வெளிச்சம் வந்தது. அடுத்த நொடி வெளியிலிருந்து ஒரு குவியல் விழுந்து அதை மூடியது. தட், தட் என்று பொறுமையாக இறுக்கியது.

"அண்ணே, தலை வலிக்குது" என்றாள் மார்லிஸ். "ஹீட்டரப் பாரு."

நீலச் சுடர் மஞ்சளாகியிருந்தது. நாக்கை நீட்டி, சோம்பலாக ஆடிக்கொண்டு எரிந்தது. மஞ்சள் சுடர் என்றால் காற்றுப் பற்றவில்லை என்று அர்த்தம், ஏரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சுவரில் அலாரம் மட்டும் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு, எல்லாம் சுகம் என்றது.

ஹீட்டரின் திருகை முழுக்க மூடினான்.

சுடர் அணையவில்லை.

மறுபடி திறந்து, மறுபடி இறுக்கி மூடினான். விரல் தோல் பிய்ந்தது. சுடர் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது.

கதவில் பாய்ந்தான். கதவு வெளிப்பக்கம் திறப்பது. தோளால் மோதினான், இருவரும் சேர்ந்து மோதினார்கள். மறுபக்கம் மலையே நிற்பது போல அசையவில்லை. மார்லிஸ் அப்படியே சரிந்து கட்டிலில் உட்கார்ந்தாள், ஹால்வர் கிடந்த அதே கட்டிலில். அவள் கன்னம் சிவக்க ஆரம்பித்திருந்தது.

வெளியே சத்தம் நின்றது.

யாரோ வடக்குச் சுவருக்குப் பக்கத்தில் குந்தி உட்காரும் அரவம். மூச்சு வாங்கும் சத்தம். பிறகு பலகையோடு வாயை ஒட்டிவைத்துப் பேசுவது போல ஒரு குரல், பிராந்தியில் குழைந்து, அன்பு சொட்டச் சொட்ட.

"நல்லாத் தூங்கு மாப்ள... காத்து ஒரு பொட்டு வராது... நான் அணைச்சு விட்டுட்டேன்."

மார்லிஸ் மெல்லத் தலையைத் தூக்கினாள். ஹால்வரை மாப்ள என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஆள்தான்.

"அண்ணே" என்று கிசுகிசுத்தாள். "அது உன் குரல்."

லோவெல் சுவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளும் இந்தக் கட்டிலில் சிவந்த முகத்தோடு கிடப்பாள். அது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நான்தான் மார்லிஸ்!" என்று கத்தினான். "அன்னிக்கு ராத்திரி நான்தான் பனி அணைச்சேன். குடிச்சிருந்தேன். தொளையையும் மூடிட்டேன். சத்தியமாத் தெரியாமப் பண்ணிட்டேன்!"

சுடர் ஆடியது. அணையவில்லை.

தட், என்று வடக்குச் சுவரில் ஒரே ஒரு தட்டு. இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்பது போல.

"காலுறையும் நான்தான்" என்றான். குரல் உடைந்தது. "அவன் செத்ததுக்கு அப்புறம் நான்தான் எடுத்து அடைச்சேன். எம்மேல பழி வரக்கூடாதுன்னு அவன்மேல போட்டேன். அவனாச் சாகல மார்லிஸ். நீ சொன்னதுக்காகச் சாகல. நீ ஒண்ணுமே பண்ணல."

சுடர் சட்டென்று அணைந்தது.

கதவு தானாகவே, ஒரு சின்ன முனகலோடு, வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டது.

குளிர் உள்ளே கொட்டியது. லோவெல் தங்கையை அள்ளி வெளியே இழுத்துப் போட்டான். அவள் இருமினாள், மூச்சை இழுத்தாள், மறுபடி இருமினாள். நாலு சுவரின் அடியிலும் ஒரு பிடிப் பனிகூட அணைத்திருக்கவில்லை. இவன் உதைத்துச் சிதறடித்த இடத்தில்கூடப் பனி யார் காலும் படாமல் வழவழவென்று கிடந்தது.

ரஜாய் நழுவிச் சிலிண்டர் வெறுமனே நின்றது. ஆட்டிப் பார்த்தான். உள்ளே தளும்பியது. திருகைத் திறந்தான். ஒரு 'உஸ்' கூட வரவில்லை. குளிரில் கேஸ் செத்துவிட்டிருந்தது. எப்போதிலிருந்து செத்திருந்தது, இவ்வளவு நேரம் உள்ளே எரிந்தது எது என்று யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மார்லிஸ் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"ஒரு வருஷம்" என்றாள். "நான் தினமும் என்னையே கொன்னுக்கிட்டுக் கெடந்தேன். நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் வீட்டுல உக்காந்து உருளைக்கிழங்கு ரொட்டி தின்னுட்டுப் போன."

அவள் எழுந்து வண்டியை நோக்கி நடந்தாள்.

"ஷெரிஃப் ஆபீசுக்கு விடு வண்டிய."

வண்டி கரையேறி நெடுஞ்சாலைக்கு வந்தது. வண்டி ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. பத்து மைல் போனதும் லோவெலுக்கு நடுக்கம் குறைந்தது. நடுக்கம் குறைந்ததும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. மனுஷப் புத்தி, வேறென்ன செய்யும்? பனி அணைத்தது தெரியாமல் நடந்த தப்பு. அதைச் சொன்னால் நாலு பேர் பரிதாபப்படுவார்கள். அந்தக் காலுறைதான் வில்லங்கம், ஜெயிலுக்கு இழுக்கிற விஷயம். மார்லிஸுக்கு இப்போது உண்மை தெரிந்துவிட்டது. ஷெரிஃபுக்கு எதற்கு எல்லாம் தெரிய வேண்டும்?

தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"மார்லிஸ்... அந்தக் காலுறைய மட்டும் அங்க சொல்லாம..."

மார்லிஸ் கம்பளித் துண்டால் மூக்குவரை மூடிக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் பக்கத்துக் கதவுக் கண்ணாடியில், முக உயரத்தில், உட்புறமாக ஒரு கையகலம் ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது. யாரோ நிதானமாக மூச்சு விடுவது போல.

மார்லிஸ் அந்தக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். அலறவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் தோள்கள் தளர்ந்தன. மெதுவாக முன்பக்க நீள இருக்கையில் அவன் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருண்ணே" என்றாள். "மூணு பேருக்கு எடம் பத்தல."