கவியரசனுக்கு வைத்த படையல்

படையல் போட்டுக் கதவைச் சாத்திப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, உள்ளே ஷவரில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்த அறையில் ஷவர் கிடையாது. குழாய்கூடக் கிடையாது. விதைநெல் மூட்டை அடுக்கியிருந்த அறை அது; படையலுக்காக நேற்றுதான் காலி செய்து கழுவிவிட்டார்கள்.

மழைதான் என்று தனுஷா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல்வராயன் மலைப் பக்கமிருந்து மதியமே இறங்கிய மழை, கள்ளக்குறிச்சி முழுவதையும் சாயங்காலத்துக்கு முன்பே இருட்டாக்கி, ஆறு மணிக்குக் கரண்ட்டையும் பிடுங்கியிருந்தது. ஆனால் மொட்டைமாடியில் அடிக்கிற மழைக்கு ஒரு சத்தம் உண்டு, கண்ணாடித் தடுப்பில் பட்டு வழவழப்பான தரையில் விழுகிற தண்ணீருக்கு வேறு சத்தம் உண்டு. போதாததற்கு, ஊதுவத்திப் புகையையும் கறிக்குழம்பு மணத்தையும் விலக்கிக்கொண்டு ஒரு சோப்பு வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. ஹோட்டல்களில் கட்டைவிரல் அளவுக்கு வைப்பார்களே, அந்தச் சோப்பு.

"அப்பா குளிக்கிறாராம்மா?" என்றாள் இலக்கியா. ஆறு வயது. தரையில் படுத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"மழை பெய்யுது. நீ வரை."

மாமியார் ராஜாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகன் செத்து இன்றோடு ஒரு வருஷம். அவனுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து ஒற்றைக்காலில் நின்றாள். ஆட்டுக்கறி, ஈரல் வறுவல், முட்டை, அதோடு அவன் பெட்டியில் உடைக்காமல் திரும்பி வந்த ஜார்ஜியா வைன் ஒரு பாட்டில்.

"அரை மணி ஆவட்டும்," என்றாள் ராஜாம்பாள். "அப்பறம் நீதான் மூணு வாட்டி தட்டிட்டுத் தெறக்கணும். பொண்டாட்டி தட்டினாதான் எழுந்து போவான். தட்டாம தெறந்துட்டா போவ மாட்டாங்கடி. இங்கியே தங்கிடுவாங்க."

தனுஷா தலையை ஆட்டினாள்.

ஊரே அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. சங்கராபுரம் ரோட்டில் ரைஸ்மில், வருஷத்துக்கு ஒரு வெளிநாடு. புருஷன் கவியரசன் கோயில் குளம் பார்க்கப் போகிற ஆளில்லை. நல்ல ஹோட்டல், நல்ல சாப்பாடு, அந்தந்த ஊர்ச் சரக்கு. வியட்நாம், துருக்கி, போர்ச்சுகல். 'குடுத்துவச்சவ' என்பார்கள் பெண்கள். தங்க ஊசி என்று கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா? அவளுக்குத்தான் தெரியும். உள்ளூரில் அடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், மில் ஆட்களுக்குத் தெரியும், மானம் போகும். அதனால் ஊரில் இருக்கும்வரை அவள் மேல் ஒரு விரல் படாது. வருஷம் பூராவும் சேர்த்துவைத்து, வெளிநாட்டு ஹோட்டல் அறையில் தீர்த்துக்கொள்வான். அங்கே அவள் போடும் கூச்சல் யாருக்கும் புரியாது. புரிந்தாலும், தடித்த கதவும் தடித்த கம்பளமும் போட்ட அறைக்கு வெளியே போகாது.

போன வருஷம் இலக்கியாவை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஜார்ஜியாவில் மண்ணுக்குள் புதைத்த தாழியிலிருந்து வைன் மொண்டு கொடுத்தார்கள். "நம்மூர்ல அந்தக் காலத்துல பொணத்த வெச்சுப் பொதைச்ச தாழி மாரியே கீது, இவன் அதுல சரக்கு போட்றான் பாரு," என்று சிரித்தான். அன்று அறைக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றினான். பக்கிள் பட்டு அவள் காதுக்குப் பின்னாலும் உதட்டிலும் கிழிந்தது. முழங்காலால் விலாவில் இடித்தான். எலும்பு ஒன்று உள்ளே விலகுவதை அவளே கேட்டாள். அப்புறம் விசிலடித்தபடி குளிக்கப் போனான்.

வழுக்கினான். மண்டை உடைகிற சத்தம்.

குளியலறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. விழுந்துகிடந்தவனுக்குக் கைப்பிடி எட்டவில்லை, அவ்வளவுதான். கதவின் அடிப்பக்கத்தில் தட்டினான். "தனு... தனு..." என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. முட்டை உடைத்து ஊற்றிய சீஸ் ரொட்டி மேசை மேல் ஆறிப்போய்க் கிடந்தது. அதைக் கட்டிலில் உட்கார்ந்து, கிழிந்த உதட்டில் ரத்தம் ஊற ஊற, ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள். நாற்பது நிமிடம் கழித்துத் தட்டுகிற சத்தம் நின்றது. தான் தூங்கிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

இப்போது, உள்ளே தண்ணீர் நின்றது.

"மணி ஆச்சு. போய்த் தட்டு," என்றாள் ராஜாம்பாள்.

தனுஷா எழுந்தாள். கதவை நெருங்க நெருங்கச் சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை எழுந்தது. துருப்பிடித்த இரும்பை நக்கினால் வருமே, அது. தரை காலுக்குக் கீழே மெத்தென்று அமுங்கியது, கம்பளம் விரித்தது போல. வீட்டில் போட்டிருந்தது டைல்ஸ். அவள் குனிந்து பார்க்கவில்லை. விரல்களை மடக்கிக் கையைத் தூக்கினாள்.

அதற்குள் உள்ளேயிருந்து தட்டினார்கள்.

மேலே இல்லை. நடுவில் இல்லை. கதவின் அடியில். அவள் கணுக்காலுக்கு நேராக.

"வந்துட்டான்!" ராஜாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எம் புள்ள வந்துட்டான்டி! இன்னாடி நின்னுகினு இருக்க? தட்டு, அவன் போவட்டும்!"

"தனு..." என்றது உள்ளே. ஈரமான குரல்.

ராஜாம்பாளின் அழுகை நின்றது. "ஏன் இப்டி கீழ கெடந்து கூப்புட்றான்? தனுசா, அன்னிக்கு நீ தூங்கிகினுதான இருந்த?"

கை கதவுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. மூன்றே மூன்று தட்டு. அவன் போய்விடுவான். ஆனால் கை முன்னால் போகவில்லை. அந்த நாற்பது நிமிடமும் அவள் கைக்குள்ளேயே உறைந்து கிடந்தது.

"அத்தை, நீங்க தட்டுங்க. எனக்கு முடியல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி!"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவள் இடுப்போரமாக ஒரு சின்னத் தலை நுழைந்து போனது.

"அப்பா!"

இலக்கியா தட்டவில்லை. கைப்பிடியை அழுத்தித் தள்ளிவிட்டாள்.

உள்ளே படையலுக்கு ஏற்றிய குத்துவிளக்கு அணையாமல் எரிந்தது. தரையிலிருந்து வெளுத்த ஈரக்கை ஒன்று நீண்டு குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து முறுக்கியது. இலக்கியா வீறிட்டாள்.

தனுஷா பாய்ந்தாள். அந்தக் கையைக் கடித்தாள். தோல் வாயோடு வந்தது. குழந்தையைப் பிடுங்கிக் கூடத்துப் பக்கம் எறிந்தாள். "அத்தை, புள்ளையப் பிடிங்க!"

கதவு சாத்திக்கொண்டது. அவள் உள்ளே. தடித்த கதவு ஒன்று அடைபட்டது போல, மழைச் சத்தம் அறவே அற்றுப்போனது.

கவியரசன் எழுந்து இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பின்மண்டை உடைத்த தேங்காய் போலப் பிளந்திருந்தது. சோறு தொடாமல் அப்படியே குவிந்திருந்தது. வைன் பாட்டிலை எடுத்தான். தரையில் ஒரே அடி. சில்லுகளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அவசரமே இல்லாமல் நொறுக்கினான். சோற்றில் போட்டான். கறிக்குழம்பு ஊற்றினான். பிசைந்தான்.

நறநற. நறநற.

உருண்டை பிடித்து நீட்டினான்.

"ஆ காட்டு, தனு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள். முதுகு சுவரில் இடித்தது.

"வேணாமா?" வருத்தமே இல்லாமல் கேட்டான். "அப்ப பாப்பாவக் கூப்புட்றேன்."

அவள் பின்னால் கைப்பிடி தானாக இறங்கத் தொடங்கியது. வெளியே, எங்கோ தூரத்தில் கேட்பது போல, இலக்கியாவின் குரல். "ஆயா, விடு. அப்பா கூப்புட்றாரு. விடு ஆயா!" கதவு நூலளவு விலகியது. சின்ன விரல்கள் நான்கு இடுக்கில் தெரிந்தன.

தனுஷா வாயைத் திறந்தாள்.

கண்ணாடி முதலில் நாக்கைத்தான் அறுத்தது. மென்றாள். விழுங்கினாள். தொண்டைக்குள் சூடாக ஏதோ கிழிந்து இறங்கியது. கதவு மெல்ல மூடிக்கொண்டது. விரல்கள் மறைந்தன.

கவியரசன் அவள் மோவாயில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அடுத்த உருண்டையைப் பிடிக்க ஆரம்பித்தான். இலையில் இன்னும் நிறையச் சோறு இருந்தது.