மகளைத் தூக்கிய குற்றம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பல் துலக்கிய கையோடு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் பரிதியின் குடும்பம் இல்லமேடையில் ஏறி நின்றது. காங்கேயத்தில் குழந்தை இருக்கிற எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் இதே கூத்துதான். கூடத்துத் தரையில் பதித்த கண்ணாடிப் பலகைமேல் எல்லோரும் வெறுங்காலோடு கைகோத்து நிற்க வேண்டும். யாராவது சுவரில் சாய்ந்து எடையைக் குறைத்துக் காட்டிவிடக் கூடாதே, அதற்காகத்தான் கைகோக்கும் ஏற்பாடு.

எதிரிலிருந்த ஸ்கிரீனில் கூட்டளவு வந்தது. 24.3. எண் சிவப்பில் இருந்தது.

"போன வாரம் இருபத்திநாலு புள்ளி ஒண்ணுங்" என்றாள் தாரணி. "ஏறியிருக்குது."

"எப்படி ஏறும்?" என்றான் பரிதி. "நான் ராத்திரிச் சோத்தை விட்டே மூணு மாசம் ஆச்சு."

"அப்ப நான் திங்கறேன்னு சொல்றீங்களா?"

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்?"

பதினோரு வயது மிளிர் இருவர் கையையும் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் இறங்கித் தன் அறைக்குப் போனாள்.

இப்படி எண்ணைப் பார்த்துப் புருஷனும் பெண்டாட்டியும் முறைத்துக்கொள்வதற்காகத் தனி எடைத் தடைச் சட்டத்தை யாரும் கொண்டுவரவில்லை. அதன் நோக்கம் தங்கமானது. குழந்தை குண்டானால் அது குழந்தையின் தப்பா? வீட்டுச் சமையலின் தப்பு, சோபாவை விட்டு எழுந்திருக்காத அப்பன் ஆத்தாளின் தப்பு. ஆகவே குழந்தையை யாரும் தனியாக எடை போடக் கூடாது, உயரம் அளக்கக் கூடாது, அதன் உடம்பைப் பற்றி அதன் காதுபட ஒரு வார்த்தை பேசக் கூடாது. நிறுப்பதானால் வீட்டையே சேர்த்து நிறுக்க வேண்டும். மொத்த எடையையும் மொத்த உயரத்தையும் வைத்து ஒரே எண். இருபத்துநாலுக்கு மேல் போனால் சிவப்பு. தொடர்ந்து பதின்மூன்று ஞாயிறு சிவப்பு வந்தால், குழந்தை தொண்ணூறு நாள் அரசு நலவிடுதியில் வளரும்.

அன்றைக்குப் பன்னிரண்டாவது ஞாயிறு.

சட்டத்தின்மேல் பரிதிக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. சின்ன வயதில் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைதோறும் அவனை மேசைத் தராசில் ஏற்றி, எண்ணை வகுப்புக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை. தன் மகளுக்கு அது நேரக் கூடாது என்று சட்டம் கேட்டு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியவர்களில் அவனும் ஒருவன். சட்டம் பலித்தும் இருந்தது. வீதிக்கு வீதி குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். சாமையும் கொள்ளும் கீரையும் தட்டுக்குத் திரும்பின. மூச்சு வாங்காமல் மாடியேறும் பிள்ளைகளை அவனே பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

பிறகு தன் வீட்டில் மட்டும் ஏன் ஏறுகிறது? அவன் பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டாகிவிட்டது. தாரணியின் வளையல்கள் முழங்கைவரை ஓடுகின்றன. அப்படியானால் மிளிரா? அவளை உற்றுப் பார்த்து அளப்பதற்கே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளையின் உடம்பைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவது அவன் காலத்துப் பெற்றோருக்கு மரியாதை மாதிரிப் பழகிப்போயிருந்தது. யோசிக்க யோசிக்க மண்டை குழம்பியது.

மறுநாள் கொப்பரைக் கிடங்கில் அவனுக்கு வேலை ஓடவில்லை. மூட்டை அடுக்கும் இயந்திரக் கைகளை மேற்பார்வை பார்ப்பவன், அன்று வரிசையை மாற்றிச் சொல்லி இரண்டு முறை திட்டு வாங்கினான். வரும் ஞாயிறும் சிவப்பு வந்தால் மகளைக் கூட்டிப்போய்விடுவார்கள் என்ற நினைப்பிலேயே இருந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் மூவரும் போகும் வழக்கமான நடையை இன்னும் நீட்டினான். குளக்கரைப் பாதையில் நான்கு சுற்று. மூன்றாவது சுற்றில் மிளிர் பின்தங்கினாள்.

"வா கண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"வரேம்ப்பா" என்றவள், இரண்டு எட்டு வைத்து, அப்படியே துவண்டு கீழே சரிந்தாள்.

பரிதி திரும்பிப் பார்த்தான். ஓடிப்போய் அவளை இரண்டு கையிலும் அள்ளித் தூக்கினான். மகளைத் தூக்கி நாலைந்து வருடம் ஆகியிருக்கும். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

இயந்திரக் கைகள் வருவதற்கு முன் பத்து வருடம் அவன் கிடங்கில் மூட்டை சுமந்தவன். ஐம்பது கிலோ கொப்பரை எப்படிக் கனக்கும் என்று அவன் தோளுக்குத் தெரியும். கையில் கிடந்த பிள்ளை அந்தக் கனம் இல்லை. நாலு கிலோ குறைவு. ஆனால் என்ன நீளம்! கால்கள் அவன் முழங்காலுக்கும் கீழே தொங்கின. விலா எலும்பு அவன் விரலில் தட்டுப்பட்டது.

"தாரணி, இவ கனக்கவே இல்ல" என்றான். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவனுக்கு விளங்கவில்லை.

தாரணி தண்ணீர் தெளித்தாள். மிளிர் கண் விழித்ததும் எழுப்பி நிற்கவைத்துத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் பரிதி முதல்முறையாக இருவரையும் ஒருசேரப் பார்த்தான். அம்மாவின் நெற்றியும் மகளின் நெற்றியும் ஒரே மட்டத்தில் இருந்தன. வீட்டுக்குள் நாள் முழுக்கக் கூடவே இருந்தும் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

"கடைசியா எப்ப சாப்பிட்ட, சாமி?"

மிளிர் தலையைக் குனிந்தாள். "நேத்து மத்தியானம். பள்ளிக்கூடத்துல."

"ஏன்?"

"நான்தானே ஏத்தறேன்? நீங்க ரெண்டு பேரும் இளைச்சுட்டீங்க. மிச்சம் நான் மட்டுந்தானே?"

தாரணி அங்கேயே பாதையோரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவளும் மத்தியானச் சாப்பாட்டை யாருக்கும் தெரியாமல் விட்டிருந்தாள். பிள்ளை கெட்டுப்போவது தன் கைப்பக்குவத்தால்தான் என்று அவளுக்கு ஒரு பயம். மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஆளுக்கொரு பக்கமாகப் பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

மறுநாள் பரிதி வரச்சொல்லி வட்டாரச் செவிலி மேகலை வீட்டுக்கு வந்தாள். சட்டைப்பையில், பேசுவதையெல்லாம் பதிந்து மேலிடத்துக்கு அனுப்பும் பேச்சுப்பதிவி சின்னதாக மினுங்கியது. பரிதி விஷயத்தைச் சொன்னதும், கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"மேடைக்குக் குழந்தையோட உசரம் தெரியாதுங். அளக்கக் கூடாதில்ல, அதனால வயசுக்குண்டான சராசரி உசரத்தை அட்டவணைல இருந்து எடுத்துக்கும். உங்க பொண்ணு அதைத் தாண்டி வளந்துட்டா. நீங்க ரெண்டு பேரும் இளைச்சதுக்கு மேல அவ வளந்த கனம் ஏறுது. எடை நெசமான எடை, உசரம் பொய்யான உசரம். அப்பறம் சிவப்பு வராம என்ன பண்ணும்?"

"அப்ப சரியான உசரத்தைப் போட்டுக்குங்க."

"எங்க போடறது? கட்டமே இல்லீங்."

"மேலிடத்துக்கு எழுதினா?"

"எழுதலாம். பதில் வரதுக்குள்ள பொண்ணு விடுதிக்குப் போய்த் திரும்பி வந்துருவா."

விடுதியிலும் சராசரிப் பிள்ளைக்கான அளவுச் சாப்பாடுதான் போடுவார்கள் என்பதை அவள் சொல்லாமலே பரிதி புரிந்துகொண்டான். ஏற்கெனவே காய்ந்து கிடக்கிற பிள்ளை.

மேகலை டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். பிறகு பேச்சுப்பதிவியை அணைத்துவிட்டுச் சொன்னாள். "ஒரே ஒரு படிவத்துல குழந்தையோட எடை, உசரம் ரெண்டுக்கும் கட்டம் இருக்குது. தனியா எடை போட்ட குற்றத்துக்கான படிவம். அதைப் பதிஞ்சா நீதிபதி கண்ணுக்கு அந்த எண் போயே ஆகணும். வழக்கு முடியறவரைக்கும் ஞாயித்துக்கிழமைக் கணக்கு நின்னுரும். ஆனா யாரோ ஒருத்தர் குற்றத்தை ஒத்துக்கணுமுங்."

"ஒத்துக்கிட்டா?"

"பிள்ளை வீட்டுல இருக்கும். ஒத்துக்கிட்டவங்க தொண்ணூறு நாள் பெற்றோர் பயிற்சிமனைல இருக்கணும். பக்கத்துல வரக் கூடாது, பேசக் கூடாது."

"நான் ஒத்துக்கறேன்" என்று தாரணி முந்தினாள்.

"தூக்கினது நான்" என்றான் பரிதி.

படிவத்தில் 'எடை போட்ட கருவி' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் விழித்தான். கடைசியில் 'என் இரண்டு கைகள்' என்று எழுதினான். எடை நாற்பத்தாறு. உயரம், அம்மா உயரம், நூற்று ஐம்பத்தெட்டு. மேகலை பதிவியைத் திரும்பப் போட்டுவிட்டு, அவன் எழுதியதைச் சட்டப்படி ஒருமுறை உரக்க வாசித்தாள். அவனுக்குப் பள்ளிக்கூடத்துத் திங்கட்கிழமைத் தராசு ஞாபகம் வந்தது. நல்லவேளை, யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வண்டி வந்தது. மேகலைதான் கூட்டிப்போக வந்திருந்தாள். தாரணி உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தால் அழுகை வந்துவிடும் என்று வரவில்லை. மிளிர் வாசல்வரை வந்து, அப்பாவின் பை வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நான் குண்டா?"

பதிவி மினுங்கியது. இந்தக் கேள்விக்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் இன்னும் முப்பது நாள் கூடும். மேகலை வீதியைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள். பரிதி கீழே குனியப் போனான், குனிய வேண்டியதில்லை என்று தெரிந்து நிமிர்ந்தான்.

"இல்ல சாமி. நீ வளந்திருக்கே. அவ்வளவுதான். வளர்ற பிள்ளைக்குப் பசிக்கும், நல்லாச் சாப்பிடணும். அம்மாளோட சேந்து சாப்பிடு, சேந்து நட."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"அப்ப ஏன் இத்தனை நாளா யாருமே சொல்லல?"

மேகலைதான் திரும்பிப் பதில் சொன்னாள். "சொல்லக் கூடாதுன்னு சட்டம், கண்ணு. உன் மனசு நோகக் கூடாதுன்னு."

மிளிர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு நொந்துச்சே" என்றாள்.