மோல்மீனுக்குத் தனியாக

வண்டி மறுபடியும் நின்றுவிட்டது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இரண்டு தரம் விக்கியது, இருமியது, அடங்கிவிட்டது... போன தடவையும் இப்படித்தான். சத்யபாமா இறங்கி, மழையில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், பெகு சாலையோர டீக்கடையின் கூரைக்குக் கீழே நிறுத்தினாள். பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. மூடினாள். உதைத்தாள். உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அதுதான் புதிர். ஓடவே ஓடாது என்றால் பழுது எனலாம். கொஞ்ச தூரம் ஓடி, நின்று, இளைப்பாறிவிட்டு மறுபடி ஓடுகிற வண்டியை என்னவென்று சொல்வது? எஞ்சினை அணைத்துவிட்டு அதையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"ப்ளக் போயிருக்கும்" என்றது ஒரு குரல். தமிழில்.

திரும்பினாள். லுங்கி கட்டிய ஒருவன், கையில் டீக் கோப்பையோடு. மழை வெளிச்சத்தில் அவன் கண்கள் தேயிலைச் சாயம் போல இருந்தன... சே, இதையெல்லாமா கவனிப்பது?

"நான் தமிழ்னு எப்படித் தெரிஞ்சது?"

"டேங்க் மூடிக்குச் சந்தனப் பொட்டு வச்சிருக்கீங்களே. பர்மாக்காரங்க வண்டி பொட்டு வச்சுக்காது."

"அப்ப அந்தப் பொட்டைப் பார்த்தே வண்டி ஏன் நின்னுச்சுன்னும் சொல்லிருங்க."

அவன் சிரித்தான். குனிந்து ப்ளக்கின் மேல் கைவைக்கப் போனான். தொடாதீர்கள், எனக்கே கழற்றத் தெரியும் என்று அவள் தடுத்தாள். கழற்றியும் காட்டினாள். ப்ளக் சுத்தமாக இருந்தது. அவன் முகம் சிவந்ததைப் பார்த்ததும், ஏனோ அவளுக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அவன் பெயர் சிவராஜ். பர்மிய வழக்கப்படி மரியாதையாக 'கோ சிவராஜ்' என்று அழைத்தாள். தாமுவேயில் வீடு. கிரேக்கக் கம்பெனிக் கப்பல் ஒன்றில் எஞ்சின் ஃபிட்டர். லீவில் வந்தவன், இந்தப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் மழைக்கு ஒதுங்கியிருந்தான்.

அவள் வீடு மிங்கலாடோனின் வடக்கு ஓரத்தில். ரங்கூன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அதனால் சத்யபாமாவின் வண்டிக்கு ஒரே திசைதான் உண்டு, ஊரைவிட்டு வெளியே. அந்தத் திசையில்தான் அவள் வேலையும் காத்திருந்தது. மோல்மீன் வட்டாரத்து மருந்துக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்க, சொந்த வண்டியோடு ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை அங்கே போய் நிற்க வேண்டும். அப்பா ரெங்கசாமி ஒரேயொரு நிபந்தனை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெகு வரை போய், எங்கும் யாரிடமும் உதவி கேட்காமல் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் வேலையும் இல்லை, வண்டியும் இல்லை. மாப்பிள்ளை பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை, அவள் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து, சிவராஜ் ஸ்பேனர்களோடு வந்து நின்றான். டீக்கடையில் அவமானப்பட்ட கடனைத் தீர்க்க வந்தேன் என்றான். அம்மா வேலம்மாவுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. அவன் கார்புரேட்டரைக் கழற்றி, அரிசிமணி பருமன் இருந்த பித்தளைத் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்து அவளிடம் காட்டினான். பெட்ரோல் இந்த வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகும். தூசி அடைத்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும். முதலில் என்ன செய்தீர்கள், அடுத்து என்ன செய்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னான். வண்டி நின்றது, இறங்கினேன், பெட்ரோல் பார்த்தேன், மூடினேன், உதைத்தேன் என்றாள். சூடு ஆறியதும் ஓடுகிறது போலிருக்கிறது என்று அவன் தலையாட்டினான். அவளும் ஆட்டினாள். இருவர் தலையும் ஒரே கார்புரேட்டரின் மேல் முட்டிக்கொள்ளாத குறை...

வேலை நடுவே கிரீஸ் நாட்டுக் கதை வந்தது. பிரேயுஸ் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்க நின்றபோது, வாடகை மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாக வடக்கே போனானாம். வலது பக்கம் கடல், இடது பக்கம் ஆலிவ் தோப்பு. மணி கட்டிய ஆடுகள் சாலையைக் கடக்கும்வரை வண்டியை அணைத்துக் காத்திருந்தானாம். கடைசியில், வானத்தை முட்டும் பாறைத் தூண்கள். அவற்றின் உச்சியில் மடங்கள். அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு மோல்மீன் சாலை கண்ணில் விரிந்தது.

முற்றத்தில் எஞ்சின் அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. வேலம்மா கண்பட்டுவிடக் கூடாதென்று சந்தனத்தில், பர்மியப் பெண்கள் முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டைச் சாந்தையும் சேர்த்துக் குழைத்து, மூடியின் மேல் தடிப்பாக ஒரு புதுப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் அவள் ஓட்டிப் பார்த்தாள். முன்னைவிடச் சீக்கிரமாக நின்றது.

ரெங்கசாமி அதற்காகவே காத்திருந்தவர் போல மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தார். அன்றும் வந்திருந்த சிவராஜ் குறுக்கே வந்தான். நல்ல எண்ணத்தில்தான். "நாளைக்கு நான் ஓட்டுறேன் மாமா. அவங்க பின்னால உக்காந்து வரட்டும்."

சத்யபாமா கை துடைத்த எண்ணெய்த் துணியைக் கீழே போட்டாள்.

"கிரீஸ்ல உங்க வண்டிய யாரு ஓட்டினா, கோ சிவராஜ்?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு அப்பா சொன்னா வலிக்காது. நீங்க சொல்லுவீங்கன்னு நினைக்கல."

அவன் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி போய்விட்டான். லைன் கார் எனும் பயணிகள் வண்டி அவனை ஏற்றிக்கொண்டு மறையும்வரை அவள் ஜன்னலில் நிற்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நின்றிருந்தாள்.

ஞாயிறு காலை தனியாகக் கிளம்பினாள். டீக்கடையைத் தாண்டி, வயல்வெளி தொடங்கும் இடத்தில், எதிர்பார்த்தபடியே விக்கல், இருமல், அமைதி. கை தன்னால் டேங்க் மூடிக்குப் போனது.

பாதியில் நிறுத்தினாள்.

வண்டி நிற்பதற்கும் ஓடுவதற்கும் நடுவே அவள் எப்போதும் இரண்டு காரியம் செய்திருக்கிறாள். காத்திருக்கிறாள். மூடியைத் திறக்கிறாள். வண்டியை ஓட வைப்பது இரண்டில் எது? இன்று ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம்.

மூடியைத் தொடாமல் காத்திருந்தாள். எஞ்சின் கைபொறுக்கும் அளவுக்கு ஆறியது. உதைத்தாள். ஓடவில்லை. இன்னும் உதைத்தாள். ஓடவில்லை. அப்புறம் மூடியை மெல்லத் திருகினாள்...

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். காற்று உள்ளே பாய்கிற சத்தம்.

உதைத்தாள். ஓடியது.

மூடியைக் கையில் வைத்துப் பார்த்தாள். சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டும். இருந்தது, சுண்ணாம்பு போல இறுகிப்போன சந்தனத்துக்கு அடியில். ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினாள். வாயால் ஊதினாள். நடுச்சாலையில் தனியாகச் சிரித்தாள். முற்றத்தில் நின்றபடி ஓடும் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். அதனால்தான் அங்கே நோய் தெரியவில்லை.

பெகு வரை போனாள். திரும்பினாள். ஒரு விக்கல் இல்லை.

டீக்கடைக் கூரையின் கீழே, ஆறிப்போன டீயோடு, சிவராஜ் உட்கார்ந்திருந்தான். அவள் வருவதைக் கண்டு எழுந்தான். அவள் பிரேக் போட்டாள்.

"நின்னுபோச்சா?"

"நிறுத்தினேன்."

அந்த ஒரு சொல்லில் அவன் கண்கள் மலர்ந்ததை அவள் ஆசை தீரப் பார்த்தாள். மூடியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஓட்டையைப் பார்த்தான். விளிம்பில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தான். அன்று அவள் கேலியாகக் கேட்டதற்கு இதுதான் பதில் என்று புரிந்து, நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"எவ்வளவு பெரிய கப்பல் எஞ்சினெல்லாம் பிரிச்சிருக்கேன்... பொட்டுக்குக் கீழ பாக்கல." மூடியைத் திருப்பிக் கொடுத்தான். "நேத்து அப்படிச் சொன்னது தப்பு. கிரீஸ்ல நான் தனியாத்தான் ஓட்டினேன். அது பெருமைதான். ஆனா ஒவ்வொரு ஊர்லயும் வண்டிய நிறுத்தினப்ப, இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லையேன்னு இருந்துச்சு. நீங்க மோல்மீன் தனியாப் போங்க. பின்னால வர மாட்டேன். போற வழியில பாத்ததெல்லாம் வந்து என்கிட்ட சொல்லணும். எப்பவும்... என்கிட்டதான் சொல்லணும்."

மழை கூரையைத் தட்டியது. அவள் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கப்பலுக்கு எப்பப் போகணும்?"

"நீங்க திரும்பி வந்தப்புறம்."

"அப்ப அப்பாகிட்ட இன்னைக்கே வந்து பேசுங்க, சிவராஜ். நாளைக்கு விடியும்போது நான் இருக்க மாட்டேன்." முதல் தடவையாகக் 'கோ' இல்லாமல் அவன் பெயரைச் சொல்லிவிட்டு, அவசரமாக மழையைப் பார்த்தாள்.

"பேசுறேன். அம்மாவைத் திட்டிராதீங்க. அந்தப் பொட்டு இல்லன்னா நான் உங்ககிட்ட பர்மீஸ்லயே பேசிட்டுப் போயிருப்பேன்."

திங்கள் விடியலில் வேலம்மா சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். நேற்று சிவராஜ் வந்து பேசியதற்குத் தலையாட்டியிருந்த ரெங்கசாமி டயரை அழுத்திப் பார்த்தார். சத்யபாமா அம்மாவின் விரலைப் பிடித்து, டேங்க் மூடியைத் தாண்டி, முன்விளக்குக்குக் கொண்டுபோனாள்.

"பொட்டு இனிமே இங்கதாம்மா. மூடியில ஒரு ஓட்டை இருக்கு. அதுவழியாக் காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். அதை மூடாம இருந்தா வண்டி நிக்காது."